ஆமைக் கதைக்கு மங்களம்

மலாக்கா டவுனில் கவர்மெண்டு ஆபீஸ் ஒன்றில் அம்பிகைபாகன் என்று ஒரு கிளார்க் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் குடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் டவுனில் இந்தக் கோலத்தில் நிறையப் பேர் நடமாடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே ஆள்தான். ஆனால் இவருடைய கோட்டுப் பையில் கையை விட்டால் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தடவை சுருட்டுப் பற்றவைக்க நெருப்புப் பெட்டி கேட்டேன். கொடுத்தார். திறந்தால் உள்ளே ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்க்கிறது. "மூடும், மூடும், அவருக்கு வெளிச்சம் பிடிக்காது" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சுருட்டைக் கடைசி வரைக்கும் நான் பற்றவைக்கவில்லை.

நான் தம்புசாமி, பழைய கோப்பித் தோட்டத்து லோரி டிரைவர். மஸ்ஜித் தானாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் எந்தக் காலத்திலோ கோப்பி போட்டார்களாம். நான் கண் திறந்து பார்த்தபோதே எல்லாம் ரப்பர்தான், பெயர் மட்டும் மாறவில்லை. ரப்பர் ஷீட்டை டவுனுக்கு ஏற்றிப்போவது என் வேலை. ஒரு நாள் அப்படிப் போகும்போது நடு ரோட்டில் ஒருவர் குடையை விரித்துப் பிடித்தபடி நிற்கிறார். ஹார்ன் அடித்தேன். நகரவில்லை. இறங்கிப் போனேன், கோபமாகத்தான். லோரி ஓட்டுகிறவன் கோபப்படாமல் வேறு யார் கோபப்படுவது?

"கொஞ்சம் பொறும்" என்றார். "எறும்புகள் குடி மாறுதுகள். முட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு போகுதுகள், பாரும்."

"எறும்புக்கா சார் லோரிய நிப்பாட்டுனீங்க?"

"லோரி நிண்டால் பிறகு ஓடும். இதுகள் நசிஞ்சால் பிறகு ஓடாதே."

லோரிக்குத் திரும்பப் போனேன். அவரும் என்னைச் சும்மா விடவில்லை. விரலால் எறும்பு வரிசைக்குக் குறுக்கே தரையை அழுத்தித் தேய்த்தார். வந்துகொண்டிருந்த எறும்புகள் அந்த இடத்தில் வழி தெரியாமல் தடுமாறின. எறும்பு கண்ணால் வழி பார்க்கவில்லை, முன்னால் போனது விட்ட வாசனையை மோந்து போகிறது, அதைத்தான் தான் அழித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குள் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு டவுனுக்கு நேரம் கழித்துப் போய் ரப்பர் ஸ்டோரில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அவருக்கு ஒரே ஆசைதான். வெள்ளைக்காரன் தேசத்திலும் அமெரிக்காவிலும் பிராணிகளை வைத்து என்னென்ன ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று கப்பலில் வருகிற பத்திரிகைகளைப் படிப்பார். படித்ததைத் தமிழில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். டவுனில் இருந்த வாசகசாலையில் சனிக்கிழமை சாயங்காலம் அதற்கு இடம் கொடுத்திருந்தார்கள். தேனீக்கு நிறம் தெரியுமா, மணியடித்தால் நாய்க்கு ஏன் வாயூறுகிறது, இப்படி ஒவ்வொரு வாரமும் ஒன்று. கேட்கத்தான் ஆள் இல்லை. முன் வரிசையில் அவர் மனைவி யோகம் அம்மா பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருப்பார். பின்னால் பேப்பர் படிக்க வந்த இரண்டு பேர், மழைக்கு ஒதுங்கிய ஒருவர். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மனிதர் நாயாகவும் நடிக்கிறார், மணியாகவும் நடிக்கிறார், அந்த இரண்டு பேரும் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. எனக்கு வயிறெரிந்தது.

"நீர் ஒருத்தர் கேட்டீரே, போதும்" என்றார் வெளியே வரும்போது. போதாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த வருஷம் சித்திரையில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் கதை சொல்ல சிரம்பானிலிருந்து ஒரு பாகவதர் வருவதாக இருந்தது. அன்று மத்தியானம் ஆள் வந்து சொன்னான்: பாகவதருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச்சு எழும்பவில்லை. பெரிய கங்காணி அங்கமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார். பந்தல் போட்டாயிற்று, பக்கத்துத் தோட்டத்துச் சனங்களுக்கும் சொல்லியாயிற்று. வள்ளியின் கல்யாணத்துக்குப் பெண்கள் சீர்த் தட்டெல்லாம் வைத்துவிட்டார்கள். தேங்காய், மஞ்சள், வளையல், வாழைப்பழம் எல்லாம் வரிசையாக இருக்கிறது, கல்யாணம் பண்ணிவைக்க ஆளில்லை.

"யாராச்சும் ஒருத்தர் பேசத் தெரிஞ்சவரப் புடிச்சிட்டு வாடா" என்றார் என்னிடம். பேசத் தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். லோரியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். அம்பிகைபாகன் என்ன கேட்டார் தெரியுமா? "எத்தினை பேர் வருவினம்?" நான் சொன்னேன். கோட்டை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடாமலே லோரியில் ஏறிவிட்டார். யோகம் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் கதை என்றால் அதற்கு ஒரு கட்டு உண்டு. தொடங்கின கதையைக் கல்யாணத்திலோ, பிள்ளை பிறப்பதிலோ, பட்டாபிஷேகத்திலோ கொண்டுபோய் நிறுத்தி, மங்களம் பாடி, கற்பூரம் காட்ட வேண்டும். பாதியில் விடக் கூடாது. அதிலும் வாயும் வயிறுமாக ஒரு பெண் கூட்டத்தில் இருந்துவிட்டால், கதையில் எது தொங்கலில் நிற்கிறதோ அது அவள் வயிற்றுக்கும் ஆகாது என்பார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். அங்கமுத்துவின் மருமகள் பெரியநாயகி. அப்போதுதான் வளைகாப்பு முடிந்து கைநிறைய வளையலோடு மாமியார் சுப்பம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்த மூன்றாவது நல்லபடியாக வர வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

இதெல்லாம் அம்பிகைபாகனுக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. அவசரத்தில் யாருக்குத் தோன்றும்?

மனிதர் மேடையில் ஏறினார். வள்ளியைப் பற்றித் தனக்கு அவ்வளவு தெரியாது, கோலா சுங்கை பாரு கடற்கரையில் போன வாரம் தான் பார்த்த ஒரு அழுங்காமையைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சீப்புச் செய்ய ஓட்டுக்காகப் பிடிப்பார்களே, அந்த ஆமை. விடியற்காலையில் அது அலையிலிருந்து எப்படி ஏறி வந்தது, உடம்பை எப்படி இழுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று மேடையில் குப்புறப் படுத்தார். கோட்டோடு. இரண்டு கையையும் துடுப்பாக்கி நகர்ந்தார். பின்காலால் குழி தோண்டினார். சனம் சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது. முட்டை இடும்போது ஆமையின் கண்ணிலிருந்து நீர் வடிகிறது என்று அவர் சொன்னபோது பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. அது ஏன் வடிகிறது என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது."

"பெத்தவளுக்குத் தெரியும்" என்றாள் சுப்பம்மா. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

அவர் மேலே போனார். தாய் ஆமை குழியை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வரும். வழி காட்ட யாரும் இல்லை. ஆனால் வந்த உடனே கடல் எந்தப் பக்கம் என்று அவற்றுக்குத் தெரிகிறது. எப்படி? வாசனை என்கிறார் ஒருவர், அலைச் சத்தம் என்கிறார் ஒருவர், தரைச் சரிவு என்கிறார் இன்னொருவர். வானத்து வெளிச்சம் தண்ணீரில் விழுந்து அந்தப் பக்கம் பளிச்சென்று இருப்பதால்தான் என்பது தன் எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்கப் போவதாகவும் சொன்னார். "இதுவரைதான் எனக்குத் தெரியும். பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி" என்று கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினார். அவர் வாழ்நாளில் அவ்வளவு பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டதில்லை. முகம் அப்படிப் பூரித்திருந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்றாள் சுப்பம்மா.

"அப்புறம் எனக்குத் தெரியாது அம்மா."

"தெரியாதா? முட்டை மண்ணுக்குள்ள கெடக்குது, நீங்க பாட்டுக்கு எறங்கிட்டீங்க?"

அங்கமுத்து அவரைத் தனியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். மருமகளைக் காட்டினார். "பொரிஞ்சு, குஞ்செல்லாம் கடலுக்குப் போயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க ஐயா. இவன் தாளம் போடுவான், மங்களம் பாடிடலாம்." இவன் என்றது என்னை. லோரி ஓட்டாத நேரத்தில் பஜனையில் தாளம் நான்தான்.

அம்பிகைபாகன் பெரியநாயகியைப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. "பெரியவர், நான் பாக்கேல்லை. பாக்காததை நடந்தது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சும்மா சொல்லுங்களேன் லா. யாரு போயி பாக்கப் போறா?"

"நான் பாக்கப் போறன். அதுதானே கரைச்சல்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சுப்பம்மா அவரைக் குடைய ஆரம்பித்தாள். சோதிக்கப் போறேன்னீங்களே, எப்படி? மனிதருக்குப் பொய்தான் வராதே. குஞ்சு வருகிற நேரம் பார்த்துக் கரைப் பக்கம் ஒரு அரிக்கன் விளக்கைக் கொளுத்தி வைக்கப் போவதாகவும், கடலை விட்டுவிட்டு விளக்கை நோக்கி வந்தால் தன் எண்ணம் சரி என்றும் அப்படியே சொல்லிவிட்டார்.

"பச்சப் புள்ளைங்களுக்கு வழியத் தப்பாக் காட்டுவீங்களா? நீங்கெல்லாம் படிச்சவரு?"

பந்தல் முழுக்க அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. ஆளாளுக்கு ஆமைக்காக நியாயம் பேசினார்கள். நான் கூட்டி வந்த ஆளை என் கண் முன்னால் வறுத்தெடுக்கிறார்கள். லோரியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்போதுதான் பெரியநாயகி வாயைத் திறந்தாள். அதிகம் பேசாத பெண்.

"ஐயா பாத்துட்டே சொல்லட்டும் அத்தை. எனக்கும் இன்னும் நாளு இருக்குல்ல. நான் காத்திருக்கேன்."

மருமகள் சொன்ன பிறகு சுப்பம்மா என்ன செய்வாள்? சீர்த் தட்டிலிருந்து ஒரு தேங்காயையும் மஞ்சளையும் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் காலடியில் வைத்தாள். கற்பூரம் கொளுத்தவில்லை. கதை நிற்கிறது, முடியவில்லை என்று அதற்குப் பொருள்.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். லோரி தோட்டத்துக்குள் நுழைந்தால் போதும், "ஆமை என்னாச்சு?" என்று வழிமறிப்பார்கள். ரப்பர்ப் பால் நிறுக்கிற இடத்தில் கேட்பார்கள், பாசார்ச் சந்தையில் கேட்பார்கள். அம்பிகைபாகன் லீவு நாளெல்லாம் பஸ் பிடித்துக் கோலா சுங்கை பாருவுக்குப் போய்க் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கரையில் ஆமை முட்டை எடுத்து விற்கிற பாக் டோலா என்ற மலாய்ப் பெரியவரிடம் கெஞ்சி அந்த ஒரு குழியை மட்டும் விட்டுவைக்கச் செய்திருந்தார். பெரிய உடும்பு, பியாவாக் என்பார்களே, அது மண்ணைத் தோண்டி முட்டையைத் தின்றுவிடும் என்று நான் வந்து சொல்லிவிட்டேன். மறு நாளே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்த கோழிக்கூடெல்லாம் கம்பி வலை இல்லாமல் நின்றது. அத்தனையும் என் லோரியில் கடற்கரைக்குப் போயிற்று. கோழிகள் ஒரு மாதம் தோட்டம் முழுக்கத் திரிந்தன.

இடையில் இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை அவரே தோட்டத்துக்கு வந்து பேசினார். தவளைக்கு எப்படிக் கால் முளைக்கிறது என்று நன்றாகத்தான் சொன்னார். பாதியில் யாராவது ஒருவர், "அதிருக்கட்டும் ஐயா, நம்ம ஆமை?" என்பார்கள். நம்ம ஆமை என்று அவர்கள் சொல்வது அவருக்குப் பிடித்திருந்தது. வாசகசாலையில் மழைக்கு ஒதுங்கியவனுக்குப் பேசின மனிதர் இல்லையா? ஆனால் திரும்பிப் போகும்போது லோரியில் பேசாமல் வருவார். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அந்த முட்டை கூழாப் போச்செண்டால் நான் அந்தப் பிள்ளையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது, தம்புசாமி?"

"பொரிஞ்சிருச்சுன்னு சொல்லிடுங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யோகம் அம்மாதான் ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "எங்கட மகனுக்குச் சின்னம்மை வந்த நேரம்கூட இந்த மனுசன் இப்பிடிச் சாப்பிடாமல் இருக்கேல்லை."

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை பாக் டோலா சொல்லி அனுப்பினார்: குழிக்கு மேலே மணல் உள்ளே இறங்கியிருக்கிறது. குஞ்சுகள் கீழே கிளற ஆரம்பித்தால் அப்படித்தான் இறங்குமாம். ஆபீஸ் அரை நாள். நான் லோரியோடு வாசலில் நின்றேன். லோரியில் எனக்கு முன்னாலேயே சுப்பம்மா ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க எதுக்கம்மா?" என்றார் அம்பிகைபாகன்.

"அந்த வெளக்கு எங்க வைக்கிறீங்கன்னு பாக்கத்தான்."

வழியெல்லாம் மழை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டு, மேற்கே கடலுக்கு மேல் கருமேகம் அடைத்துக்கொண்டு நின்றது. பொழுது சாயவில்லை, ஆனால் இருட்டிவிட்டது. கோழி வலையைப் பிரித்துச் சுற்றி உட்கார்ந்தோம். பாக் டோலா ஓலையில் சுருட்டிய பீடி புகைத்தார். சுப்பம்மா வாய்க்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மணல் அசைந்தது. ஒரு சின்ன மூக்கு வந்தது, பிறகு ஒரு துடுப்பு. பிறகு மொத்தமாகப் பொங்கி வந்தன பாருங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுகள், மேலெல்லாம் மணல். நான் லோரி டிரைவர், சாலையில் எத்தனையோ பார்த்தவன். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று கேட்டால் தெரியாது.

அம்பிகைபாகன் கரைப் பக்கம் தென்னை மரத்தடியில் அரிக்கன் விளக்கைக் கொளுத்தி வைத்தார். அவ்வளவுதான். கடல் கருமேகத்துக்கு அடியில் மங்கிக் கிடந்தது. குஞ்சுகள் ஒரு கணம் தலையைத் தூக்கின, திரும்பின, விளக்கைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன. அத்தனையும். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"பாத்தீரா! வெளிச்சம்தான்! வாசனையும் இல்லை, சரிவும் இல்லை!" மனிதர் மணலில் குதிக்கிறார்.

"நாசமாப் போச்சு" என்றாள் சுப்பம்மா. தென்னை மரத்தடி முழுக்க நண்டு வளை. ஒரு நண்டு வெளியே வந்து ஒரு குஞ்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயேவிட்டது. பாக் டோலா ஓடினார், அதற்குள் வளைக்குள் போய்விட்டது. சுப்பம்மா அம்பிகைபாகனைத் திட்டிக்கொண்டே குனிந்து குனிந்து குஞ்சுகளை அள்ளி மடியில் போட ஆரம்பித்தாள். அவள் திட்டினதை இங்கே எழுத முடியாது.

"விடுங்கோ அம்மா. தூக்க வேண்டாம். அதுகளே போகும்" என்றார் அவர். குரல் மாறிவிட்டிருந்தது. விளக்கைக் கையில் எடுத்தார். குஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு நேரே கடலைப் பார்த்து நடந்தார். சப்பாத்து நனைந்தது, காற்சட்டை நனைந்தது, ஆபீஸ் கோட்டு நனைந்தது. இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று திரும்பி, விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

குஞ்சுகள் நின்றன. தலையைத் தூக்கின. பிறகு மொத்தக் கூட்டமும் திரும்பியது. விளக்கை நோக்கி மணலில் சின்னச் சின்னக் கோடு இழுத்துக்கொண்டு இறங்கின. முதல் அலை வந்து முன்னால் வந்ததை அள்ளிக்கொண்டது, பிறகு அடுத்ததை. அம்பிகைபாகனுக்கு மூக்குக்கண்ணாடியில் உப்புத் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. "வருதுகளா? வருதுகளா?" என்று கத்துகிறார்.

"வருதுங்க ஐயா! உங்க காலுக்கிட்டதான்!" என்று கத்தினேன்.

சுப்பம்மா மடியில் இருந்ததை ஒவ்வொன்றாக மணலில் இறக்கிவிட்டாள். அவையும் திரும்பி இறங்கின. கடைசிக் குஞ்சு தண்ணீரில் மறைந்தபோது அவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அந்தக் கடற்கரை அதற்கு முன்னால் தமிழ்க் குலவையைக் கேட்டிருக்குமா தெரியாது. பாக் டோலா பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

மறு நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு முன்னால் தோட்டமே கூடியது. அம்பிகைபாகன் உலர்ந்தும் உலராத அதே கோட்டில் ஏறினார். குழியைத் தோண்டிப் பார்த்ததில் கொஞ்சம் முட்டை பொரிக்காமலே கெட்டுக் கிடந்தது எனக்கும் சுப்பம்மாவுக்கும் தெரியும். அதை விட்டுவிடச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன். சுப்பம்மாவும் காட்டினாள். அவர் எங்கள் பக்கமே பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். விளக்கை வைத்ததை, குஞ்சுகள் வழி தவறியதை, தண்ணீரில் நின்றதை. கடைசியில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "எல்லா முட்டையும் பொரிக்கவில்லை. சிலது உள்ளேயே போய்விட்டது. ஒன்றை நண்டு கொண்டுபோனது. அது நான் வைத்த விளக்கால் வந்தது. மற்றதெல்லாம் கடலுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன்."

எல்லாரும் பெரியநாயகியைப் பார்த்தார்கள். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லத மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா, எனக்காகச் சொல்றீங்கன்னு நெனச்சிருப்பேன் ஐயா" என்றாள். "போனதையும் சொன்னீங்கல்ல. இப்பத்தான் மத்தது போய்ச் சேந்துச்சுன்னு நம்புறேன்."

சுப்பம்மா மஞ்சள் முடிச்சை அவிழ்த்தாள். அங்கமுத்து தேங்காய் உடைத்தார். நான் தாளத்தை எடுத்தேன். ஆமைக்கு மங்களம் எந்த ராகத்தில் பாடுவது என்று பஜனைக்காரர்களுக்குள் சின்னத் தகராறு நடந்தது, பிறகு வள்ளிக்குப் பாடுகிறதையே பாடினோம். கற்பூரத்தை அம்பிகைபாகன் முன்னால் நீட்டியபோது அவர் தயங்கிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலையில் சுப்பம்மா லோரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பெரியநாயகிக்கு வலி எடுத்திருச்சு. ஐயாவக் கூட்டிட்டு வா. வெளக்கோட."

"மருத்துவச்சியக் கூப்பிடுங்கக்கா, அவரு எதுக்கு?"

"மருத்துவச்சி உள்ளதான் இருக்கா. போடா."

ஆபீசில் போய்ச் சொன்னேன். அம்பிகைபாகன் பேனாவைக் கீழே வைத்தார். "அது ஆமை, தம்புசாமி. இது மனுசர். இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார். பெரிய கிளார்க்கிடம் போய் அரை நாள் லீவு கேட்டார். லோரியில் ஏறினபோதும் அதையேதான் சொன்னார். "இது அறிவுக்குப் பொருந்தாது. நான் போய் அவையளுக்கு விளக்கமாச் சொல்லப் போறன்." வழியில் வீட்டில் நிறுத்தச் சொன்னார். உள்ளே போய் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அரிக்கன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து, புதுத் திரி போட்டு, எண்ணெய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

உச்சி வெயில். லயத்து வீட்டு வாசலில் எரிகிற விளக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். வெயிலில் சுடர் தெரியவே இல்லை. எதிர் வெயிலில் தோட்டமே நின்று பார்த்தது. கை வலித்திருக்கும் போல, மற்றக் கைக்கு மாற்றினார், பிறகு மறுபடி மாற்றினார். நான் வாங்கிக்கொள்ளப் போனேன், கொடுக்கவில்லை. அங்கமுத்து ஒரு பக்கம், அவர் மகன், பெரியநாயகியின் புருஷன் காளிமுத்து ஒரு பக்கம், வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே குழந்தை அழுதது. நல்ல கனத்த குரல். அடுத்து சுப்பம்மாவின் குலவை. காளிமுத்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்பிகைபாகனிடம் வந்தார்.

"அப்ப மனுசப் புள்ளையும் வெளிச்சத்தப் பாத்துத்தான் வருதாங்க ஐயா?"

அம்பிகைபாகன் இன்னும் விளக்கைக் கீழே இறக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கண் நிறைந்திருந்தது. "ஒருதரம் பாத்ததை வச்சுக்கொண்டு சொல்லேலாது, பெரியவர்" என்றார். "இன்னும் எத்தினையோ தரம் பாக்க வேணும்."

பெரியநாயகியின் குரல் உள்ளேயிருந்து வந்தது, களைத்த குரல்தான், ஆனால் அதில் சிரிப்பு இருந்தது.

"அப்ப அடுத்ததுக்கும் ஐயாவ வரச் சொல்லுங்க."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். டவுனுக்குத் திரும்பும்போது விளக்கை அணைக்க மறந்து, மடியில் எரிய விட்டபடியே என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். நானும் சொல்லவில்லை.